நீர்மூழ்கியில் சேர விரும்பும் மகன்: பேட்டரிக் கப்பல் பழையதா, ஆபத்தானதா?

கேள்வி:

ஐயா, நான் சிங்கப்பூரில் ஈசூன் வட்டாரத்தில் வசிக்கிறேன். என் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்பொறியியல் இறுதியாண்டு படிக்கிறான். தேசிய சேவைக்குப் போகும்போதே கடற்படையில் நிரந்தரப் பணிக்குக் கையெழுத்துப் போட்டு, நீர்மூழ்கிக் கப்பலின் பொறியியல் பிரிவில் சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். என் அண்ணனோ, "ஆஸ்திரேலியா அணுசக்திக் கப்பல் வாங்கப் போகிறது. பேட்டரியில் ஓடுவதெல்லாம் போன தலைமுறைச் சமாச்சாரம். அதில் போய் இவன் எதைக் கற்றுக்கொள்வான்?" என்கிறார். என் பயம் வேறு. எங்கள் புளோக்கில் ஒரு மின்ஸ்கூட்டரின் பேட்டரி வெடித்துத் தாழ்வாரம் முழுவதும் கரிந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அதே பேட்டரியை நூற்றுக்கணக்கில் அடுக்கிக்கொண்டு கடலுக்கடியில் போகிறார்களா? இந்தோனேசியக் கப்பல் மூழ்கி 53 பேர் இறந்ததும் மனத்தை விட்டு அகலவில்லை. அவனை விடலாமா, தடுக்கலாமா?

— ஒரு தாய், ஈசூன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். உங்கள் அண்ணன் கேட்பது தொழில்நுட்பத்தைப் பற்றி, நீங்கள் கேட்பது உயிரைப் பற்றி. அதனால் உங்கள் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கப்பல்களின் மின்னமைப்பிலேயே வேலைக்காலத்தைக் கழித்த பொறியாளன் நான். இங்கே எழுதுவதெல்லாம் பொதுவெளியில் வந்த தகவல்களும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் பொறியியலும்தான்.

அணுசக்தி இல்லாத நீர்மூழ்கிகளில் பெரும்பாலானவை இன்றும் சுமப்பது உங்கள் புளோக்கில் வெடித்த லித்தியம் வகைப் பேட்டரியை அல்ல. சாதாரண காரின் முன்மூடியைத் திறந்தால் தெரியும் ஈய-அமில வகைதான் அது, அளவு மட்டும் வேறு. ஒரு கலம் சுமார் அரை டன் எடை, உயரத்தில் பெரியவர் ஒருவரின் மார்பு வரை வரும். அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும். அந்த அறையில் நிமிர்ந்து நிற்க இடம் கிடையாது. பல கப்பல்களில் பராமரிப்பாளர் ஒரு சக்கரப் பலகையில் படுத்து, கலங்களின் தலைக்கு மேலே ஊர்ந்தபடியே ஒவ்வொரு முனையையும் இறுக்கிச் சரிபார்த்து, அமிலத்தின் அடர்த்தியை அளந்துகொண்டு போவார். மோதிரம், கைக்கடிகாரம், பையிலுள்ள சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அங்கே கைதவறி விழும் ஒரு நாணயம்கூட இரண்டு முனைகளை இணைத்துவிடலாம்.

இந்தப் பழைய பேட்டரிக்கும் ஆபத்து உண்டு. மின்னேற்றும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காட்டை எட்டினால் ஒரு தீப்பொறி போதும். அதனால் மின்விசிறிகளும் வாயுமானிகளும் ஓய்வில்லாமல் வேலை செய்யும். கடல்நீர் இந்த அறைக்குள் வந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். மின்சுற்று குறுகி, வெப்பமும் நச்சுவாயுவும் உண்டாகும்.

கடல்நீர் எப்படி உள்ளே வரும்? நீங்கள் பயப்பட வேண்டிய உண்மையான இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

டீசல் எஞ்சினுக்குக் காற்று வேண்டும். பேட்டரி தீர்ந்து வரும்போது கப்பல் பெரிஸ்கோப் ஆழத்துக்கு ஏறி வந்து, ஸ்னார்க்கல் என்ற குழாயை நீருக்கு மேலே நீட்டிக் காற்றை இழுத்து எஞ்சினை ஓட்டி மின்னேற்றும். குழாயின் தலையில் ஒரு வால்வு இருக்கும். அலை மேலே ஏறினால் அது சட்டென்று மூடிக்கொள்ளும். ஆனால் எஞ்சின் நிற்காது, கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுக்கத் தொடங்கும். உள்ளே இருப்பவர்களின் காது அடைக்கும். அலை விலகியதும் வால்வு திறந்து காற்று குபுகுபுவென்று உள்ளே வரும். கடல் கொந்தளிக்கும் இரவில் மணிக்கணக்கில் இதே கதைதான். அந்த நேரம் முழுவதும் குழாயின் தலை ரேடாரில் தெரியலாம், எஞ்சின் சத்தம் தண்ணீரில் வெகுதூரம் போகும், புகையின் வெப்பமும் மறையாது.

2017 நவம்பர் 15 அன்று அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' கப்பலுக்கு நேர்ந்தது இதன் தொடர்ச்சிதான். காற்று வரும் வழியாகக் கடல்நீர் புகுந்து, முன்பகுதிப் பேட்டரியில் மின்சுற்று குறுகித் தீ தொடங்கியது என்று அந்தக் கப்பலே கரைக்குச் செய்தி அனுப்பியது. அதன் பின் தொடர்பு அறுந்தது. 44 பேரும் திரும்பவில்லை. ஓராண்டுக்குப் பிறகு சுமார் 900 மீட்டர் ஆழத்தில் கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் இருந்தவை ஈய-அமிலப் பேட்டரிகள். தண்ணீர் வந்த வழி காற்றுக்குழாய்.

ஒரு தாயிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. ஆனாலும் சொல்லாமல் மேலே போக முடியாது. அணுசக்தி இல்லாத நீர்மூழ்கியில் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக நடந்திருக்கும் முன்னேற்றம் முழுவதும் இந்தக் குழாயை எத்தனை அரிதாக வெளியே நீட்டலாம் என்பதற்காகவே நடந்தது. நீட்டாமல் இருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் எதிரியின் கண்ணில் படாத நேரம். உள்ளே இருக்கும் பிள்ளைகளுக்கும் அதுவே பத்திரமான நேரம். உங்கள் கேள்வியையும் அண்ணனின் கேள்வியையும் இந்த ஒரே அளவுகோலால் அளந்துவிடலாம்.

காற்று இல்லாமல் ஓடும் எஞ்சின் என்பது பழைய கனவு. ஜெர்மனியில் ஹெல்முத் வால்டர் 1940இலேயே ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு ஒரு சோதனைக் கப்பலை ஓட்டிக் காட்டினார். அந்தத் திரவம் எளிதில் வெடிக்கும் குணமுடையது. போருக்குப் பின் பிரிட்டன் அதே வழியில் சோதனை செய்து கைவிட்டது. 1955 ஜனவரியில் அமெரிக்காவின் 'நாட்டிலஸ்' அணுசக்தியில் புறப்பட்டதும் பெரிய நாடுகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சின்னக் கடலும் சின்ன வரவுசெலவுத் திட்டமும் கொண்ட நாடுகள்தான் விடாமல் முயன்றன. ஸ்வீடன் 1988இல் 'நேக்கன்' கப்பலை வெட்டி நீளமாக்கி ஸ்டெர்லிங் எஞ்சினைப் பொருத்தியது. 1996இல் கடற்படையில் சேர்ந்த 'கோட்லாண்ட்' பிறக்கும்போதே அந்த எஞ்சினோடு பிறந்தது. டீசலையும் திரவ ஆக்சிஜனையும் மூடிய அறையில் அதிக அழுத்தத்தில் எரித்து, அந்த வெப்பத்தால் ஒரு வாயுவை விரித்துச் சுருக்கி ஓட்டுகிறார்கள். உள்ளே வெடிப்பு கிடையாது, அதனால் அதிர்வு குறைவு. அழுத்தம் அதிகம் என்பதால் புகையைத் தனி பம்ப் இல்லாமலே கடலுக்குள் தள்ளிவிடலாம். 2005இல் அமெரிக்கக் கடற்படை இந்தக் கப்பலைக் குழுவினரோடு குத்தகைக்கு எடுத்து, சான் டியேகோவில் நிறுத்தி, தன் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு எதிரியாக வைத்துப் பயிற்சி செய்தது. பிறகு அந்தக் குத்தகையை நீட்டவும் செய்தது. அணுசக்தி நீர்மூழ்கிகளை மட்டுமே வைத்திருக்கும் கடற்படை ஒன்று எதற்காக அப்படிச் செய்தது என்று உங்கள் அண்ணன் ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

நம்மிடம் இருக்கும் 'ஆர்ச்சர்' வகைக் கப்பல்கள் அந்த ஸ்வீடன் குடும்பத்தைச் சேர்ந்தவை. 2005இல் ஒப்பந்தமாகி, ஸ்டெர்லிங் எஞ்சின் பொருத்தப்பட்டு, முதல் கப்பல் 2011இல் சேவைக்கு வந்தது. அதற்கு அடுத்த தலைமுறைதான் 'இன்வின்சிபிள்' வகை. ஜெர்மனியின் கீல் நகரில் நமக்கென்று வடிவமைத்துக் கட்டியவை. 2024 செப்டம்பர் 24 அன்று சாங்கி கடற்படைத் தளத்தில் பிரதமர் லாரன்ஸ் வோங் 'இன்வின்சிபிள்', 'இம்பெக்கபிள்' இரண்டையும் சேவையில் இணைத்தார். 2025 மார்ச்சில் மேலும் இரண்டு வாங்கப்படும் என்று அறிவிப்பு வந்தது, ஆக மொத்தம் ஆறு. போன தலைமுறைச் சமாச்சாரத்தை ஆறாவது கப்பல் வரை எந்த நாடும் வாங்காது.

இவற்றின் உள்ளே இருக்கும் எரிபொருள் மின்கலம் பற்றி நான் மனம்விட்டுப் பேச விரும்புகிறேன். என் தொழிலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஒரு மெல்லிய சவ்வின் இரு பக்கமும் வந்து சேர்கின்றன. எரிவதில்லை, வெடிப்பதில்லை. மின்சாரமும் வெப்பமும் தூய நீரும் மட்டுமே வெளிவருகின்றன. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு 8 கிலோ ஆக்சிஜன் சேர்ந்து 9 கிலோ தண்ணீர். அசையும் பாகம் என்று பார்த்தால் சில பம்ப்புகளைத் தவிர வேறில்லை. அதனால் ஒலியும் இல்லை. ஆக்சிஜனைத் திரவமாக்கி, மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த நிலையில் தொட்டியில் வைத்திருப்பார்கள். ஹைட்ரஜனை எங்கே வைப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. அழுத்தக் குப்பியில் வைத்தால் ஆபத்து. ஜெர்மானியர்கள் அதை உலோகக் கலவைக்குள் செலுத்திவிட்டார்கள். சிலிண்டருக்குள் இருக்கும் உலோகத் துகள்களின் அணு இடைவெளிகளில் வாயு போய் ஒட்டிக்கொள்கிறது. வெப்பம் கொடுத்தால்தான் வெளியே வரும். மின்கலம் சுமார் 80 டிகிரியில் வேலை செய்யும்போது வீணாகும் வெப்பத்தையே தண்ணீர்வழி கொண்டுபோய் அந்த சிலிண்டர்களைச் சூடாக்குகிறார்கள். மின்கலம் ஓடினால்தான் ஹைட்ரஜன் வெளிவரும். ஓட்டம் நின்றால் சிலிண்டர் குளிர்ந்து, வாயு உலோகத்துக்குள்ளேயே தங்கிவிடும். உங்கள் பயத்துக்கு இயற்பியலே சொல்லும் பதிலாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விலை இல்லாமல் இல்லை. இந்த சிலிண்டர்கள் பயங்கரக் கனம், அவை சுமக்கும் ஹைட்ரஜனோ அவற்றின் எடையில் மிகச் சிறு பங்கு. ஜெர்மனியின் 212ஏ வகைக் கப்பலின் மின்கலத் தொகுதி மொத்தம் சுமார் 300 கிலோவாட் தரும். முழு வேகத்தில் ஓட அதைப்போல் ஐந்தாறு மடங்கு வேண்டும். தண்ணீருக்குள் வேகத்தை இரட்டிப்பாக்கினால் தேவைப்படும் சக்தி ஏறத்தாழ எட்டு மடங்காகும். ஆகவே காற்றில்லா எஞ்சினோடு போகும் கப்பல் மெல்லத்தான் ஊரும். அந்த மெல்லிய ஓட்டத்தில் அது தாக்குப்பிடிக்கும் காலம் அசாதாரணமானது. 2013இல் ஜெர்மனியின் 'யு-32' அட்லாண்டிக் கடலைக் கடக்கும்போது 18 நாள் ஒரு முறைகூடக் குழாயை நீட்டாமல் நீருக்குள்ளேயே இருந்தது. நம் இன்வின்சிபிள் வகை, ஆர்ச்சர் வகையைவிட ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுதல் காலம் மூழ்கியிருக்கும் என்று தற்காப்பு அமைச்சு சொல்லியிருக்கிறது.

நம் கடலுக்கென்று ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. ஸ்வீடனும் ஜெர்மனியும் ஒட்டியிருக்கும் பால்டிக் கடல் குளிர்ந்தது, நம்முடையது வெதுவெதுப்பானது, 29, 30 டிகிரி. மெதுவாக ஊரும்போது உந்துவிசைக்குத் தேவைப்படும் மின்சாரத்தோடு குளிரூட்டும் இயந்திரமும் கணினிகளும் காற்றுச் சுத்திகரிப்பும் போட்டி போடும். அதே கப்பல், அதே ஹைட்ரஜன், ஆனால் வெப்பக் கடலில் குளிரூட்டலுக்கே கணிசமான பங்கு போய்விடும். வெப்பமண்டலத்தில் நீர்மூழ்கி ஓட்டும் பொறியாளரின் அன்றாடக் கவலையே இந்தக் கணக்குதான். ஐரோப்பியப் பாடநூலை அப்படியே எடுத்து வைத்து இதற்கு விடை காண முடியாது.

இப்போது லித்தியத்துக்கு வருகிறேன். உங்கள் புளோக்கில் நடந்தது என்ன? மின்ஸ்கூட்டர் தீ விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் தரம் தெரியாத கலங்கள், மாற்றிக் கட்டிய பேட்டரி, பொருந்தாத சார்ஜர், இரவு முழுவதும் வாசலருகே மின்னேற்றம். அதனால்தான் 2020 ஜூலை முதல் யுஎல்2272 தீப்பாதுகாப்புத் தரம் இல்லாத மின்ஸ்கூட்டர்களை வைத்திருப்பதற்கே இங்கே தடை வந்தது. கடற்படை ஒன்று லித்தியத்தை ஏற்கும்போது ஒவ்வொரு கலத்தின் வெப்பமும் மின்னழுத்தமும் நொடிக்கு நொடி கண்காணிக்கப்படும். ஒரு கலம் கெட்டால் அடுத்ததற்குப் பரவாதபடி தடுப்புகள் இருக்கும். அடி, அதிர்ச்சி, நீர்க்கசிவு எல்லாவற்றுக்கும் சோதனை நடக்கும்.

ஆனாலும் முழுக்கப் பத்திரம் என்று நான் சான்றிதழ் எழுதித்தர மாட்டேன். பல லித்தியம் கலங்கள் கட்டுமீறிச் சூடாகும்போது அவற்றின் வேதிப்பொருளே ஆக்சிஜனை வெளிவிடுவதால் தீயை மூடி அணைப்பது கடினம். எல்லாக் கடற்படைகளும் இதனால்தான் இத்தனை ஆண்டுகள் தயங்கின. துணிந்து முதலில் இறங்கியது ஜப்பான். 2020 மார்ச்சில் சேவைக்கு வந்த 'ஓர்யூ' கப்பலில் ஸ்டெர்லிங் எஞ்சினையே எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் சேர்த்து லித்தியம் பேட்டரியால் நிரப்பினார்கள். ஈய-அமிலத்தைவிட அதே இடத்தில் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி, வேகமான மின்னேற்றம், வேகமாக ஓடும்போதும் மின்னழுத்தம் தொய்யாத பலம். குழாயை நீட்ட வேண்டி வந்தாலும் சுருக்கமாக முடித்துக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது ஜப்பானின் கணக்கு. தென்கொரியா இரண்டையும் விடவில்லை. 2025 அக்டோபரில் நீரில் இறக்கப்பட்ட அதன் 'ஜாங் யோங்-சில்' கப்பலில் எரிபொருள் மின்கலமும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்தே இருக்கின்றன. மெல்ல ஊர்வதற்கு ஒன்று, பாய்ந்து விலகுவதற்கு இன்னொன்று. என்னைக் கேட்டால் இந்தக் கூட்டணிதான் அடுத்த இருபது ஆண்டுகளின் வழி. இந்தியாவில் மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில் உள்ள பாதுகாப்பு ஆய்வுக்கூடம், ஹைட்ரஜனைச் சுமந்து போகாமல் தேவைப்படும்போது கப்பலிலேயே உண்டாக்கிக்கொள்ளும் பாஸ்பாரிக் அமில மின்கலத்தை உருவாக்கியிருக்கிறது. ஸ்பெயின் எத்தனாலிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கிறது. இத்தனை நாடுகள் இத்தனை வழிகளில் முட்டி மோதும் துறையை முடிந்துபோன துறை என்று சொல்வது சரியில்லை.

ஆஸ்திரேலியா ஏன் அணுசக்திக்குப் போகிறது? அதன் கப்பல் வேலை செய்யும் இடத்துக்குப் போய்ச் சேரவே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட வேண்டும், அதுவும் வேகமாக. அதற்கு அணு உலைக்கு மாற்றில்லை. நம் கதை வேறு. தளத்தை விட்டு வெளியே வந்தாலே நாம் காக்க வேண்டிய நீரிணையில் இருக்கிறோம். மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் போகும்போது அடிப்பாகத்துக்கும் கடல்தரைக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் இருக்க வேண்டும் என்று அனைத்துலக விதியே இருக்கிறது. அத்தனை ஆழமில்லாத இடம். 7,800 டன் எடையும் 130க்கு மேற்பட்ட குழுவினரும் கொண்ட அமெரிக்காவின் 'வர்ஜீனியா' வகைக் கப்பலுக்கு இங்கே என்ன வேலை? நம்முடையது மூழ்கிய நிலையில் 2,200 டன், நீளம் 70 மீட்டர், குழுவினர் 28 பேர். வால்துடுப்புகளைக் கூட்டல் குறியாக வைக்காமல் பெருக்கல் குறியாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். துடுப்பின் நுனி கப்பலின் வயிற்றுக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்காது என்பதால் கடல்தரையை ஒட்டிப் போகலாம், குறுகலான இடத்தில் திரும்பலாம், நான்கில் ஒன்று பழுதானாலும் மற்றவை தாங்கும். இந்தக் கடலுக்கு ஏற்ற கப்பல் இதுதான். வசதியில்லாமல் வாங்கிய மலிவுப் பொருள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆழமின்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அது 'நங்காலா'வோடு சேர்ந்தது. 1981இல் சேவைக்கு வந்த அந்த இந்தோனேசியக் கப்பல் 2021 ஏப்ரல் 21 அன்று பாலிக்கு வடக்கே மூழ்கியது. 838 மீட்டர் ஆழத்தில், மூன்று துண்டுகளாகக் கிடைத்தது. நீர்மூழ்கியின் உடல் தாங்கக்கூடிய ஆழத்தை அது வெகுவாகத் தாண்டிவிட்டது. தகவல் வந்த அன்றே நம் மீட்புக் கப்பல் 'ஸ்விஃப்ட் ரெஸ்கியூ' சாங்கியிலிருந்து கிளம்பியது. ஆழத்தில் இறங்கி ஆட்களை ஏற்றிவரக்கூடிய சிறு மீட்புக்கலம் அதில் இருக்கிறது. ஆனால் உடைந்த கப்பலில் மீட்க யாரும் இருக்க மாட்டார்கள். நம்மைச் சுற்றியுள்ள கடலோ பெரும்பாலும் 100 மீட்டருக்கும் குறைவான ஆழம் கொண்ட கண்டத்திட்டு. அங்கே ஒரு கப்பல் செயலிழந்து தரையில் அமர்ந்தால் அதன் உடல் நசுங்காது. மீட்புக்கலம் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவர்கள் காத்திருக்க வழி இருக்கிறது. பயிற்சிக்காக ஆழ்கடலுக்கும் போவார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆபத்தில்லாத வேலை இது கிடையாது. ஆபத்தை எண்ணி எண்ணியே கட்டப்பட்ட இடத்தில் செய்யும் வேலை.

ஆகவே, விடலாமா தடுக்கலாமா என்றால், விடுங்கள் என்பதே என் பதில். ஆனால் சில விஷயங்களைத் தம்பியோடு உட்கார்ந்து பேசிவிட்டு விடுங்கள். வாரக்கணக்கில் வெயில் படாது, கைத்தொலைபேசி இயங்காது, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி நேரத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். நெருக்கமான இடத்தில் அவனுக்கு மூச்சு முட்டுமா, சைனஸ், காது அடைப்புத் தொந்தரவு உண்டா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆள்சேர்ப்பு அதிகாரியிடம் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நீர்மூழ்கிப் பயிற்சியில் தேறாவிட்டால் எங்கே மாற்றுவார்கள், பணியில் இருக்கும்போதே பட்டம் படிக்க வழி உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். பெற்றோர் கேட்பதை அவர்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எதைக் கற்றுக்கொள்வான் என்ற அண்ணனின் கேள்விக்கு வருவோம். நவீன நீர்மூழ்கி என்பது முழுக்க முழுக்க மின்கப்பல். ஆயிரக்கணக்கான ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவதும் துண்டிப்பதும் எளிதல்ல. வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதைத் துண்டிப்பது சுலபம். நேர்மின்னோட்டம் பூஜ்யத்தைத் தொடவே தொடாது, அதனால் சுவிட்சைத் திறந்தாலும் பொறி அணையாமல் நின்று எரியும். அதை அடக்கக் கற்றவனுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 2030 முதல் இங்கே துறைமுக நீரில் புதிதாக இயங்க வரும் சேவைப்படகுகள் முழு மின்சாரத்திலோ, உயிரி எரிபொருளிலோ, கரிம வெளியேற்றமற்ற எரிபொருளுக்கு ஏற்றபடியோ இருக்க வேண்டும் என்று கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்திருக்கிறது. மின்படகு, பேட்டரி சேமிப்பு நிலையம், ஹைட்ரஜன் ஆகிய மூன்றுக்கும் தேவைப்படும் கைத்திறன், உங்கள் மகன் அந்த 70 மீட்டர் கப்பலுக்குள் கற்கப்போகும் அதே கைத்திறன்தான்.

தம்பியிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால், பேட்டரிக் கலங்களின் வெப்பத்தையும் மின்னழுத்தத்தையும் தனித்தனியாக அளந்து, கெடப்போகும் கலத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சிறு கண்காணிப்பு அமைப்பு ஒன்றைச் செய்து பார்க்கட்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் கலங்களை வாங்கச் சொல்லுங்கள், மற்ற வகைகளைவிட அவை சூட்டைத் தாங்கும். வீட்டில் வேண்டாம், கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யட்டும். வரைபடத்தை எனக்கு அனுப்பினால் பார்த்துக் கருத்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கடல்சார் மின்பொறியாளர்